இன்னும் பறக்காத குஞ்சுகள்

ஆட்டையாம்பட்டி
18 ஜூலை 2024

நித்யா கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுதி போனில் கிடைக்கிற மூன்று நிமிடத்தில், உன் பின்னால் வரிசையில் நிற்கிற பெண் இருமுவதுகூட எனக்குக் கேட்கிறது. "சாப்பிட்டயா, தூங்குனயா" என்று கேட்பதற்குள் முடிந்துவிடுகிறது. கைப்பேசி கூடாது, தின்பண்டம் கூடாது, கதைப் புத்தகம் கூடாது என்று அவர்கள் தந்த தாளில் கடிதம் கூடாது என்று இல்லை. யாரும் எழுதுவதில்லை என்பதால் மறந்திருப்பார்கள்.

இன்று மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து கரண்டு இல்லை, தறிகள் நின்றுவிட்டன. உன் அப்பா தறிக் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்த நாள் பிடிக்கும். அவரிடம் சொல்ல முடியாது. தறி நின்றதும் முதலில் காது அடைத்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக் குக்கர், குழாயடியில் சொட்டுகிற தண்ணீர், முருங்கையில் அணில். இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். முருங்கை காற்றில் என்ன சத்தம் போடும் என்பது எனக்கு மாதத்தில் ஒரு நாள்தான் தெரிகிறது.

இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. படிப்புக்கு இடைஞ்சல் என்றால் சொல்லிவிடு.

அம்மா

விடுதி, நாமக்கல்
28 ஜூலை 2024

அம்மா,

கடிதம் வந்தது. வார்டன் ஜோதி மிஸ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல லெட்டரா? கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

முருங்கை என்ன சத்தம் போட்டால் எனக்கென்ன? இருட்டோடு எழுப்பி ஸ்டடி ஹாலில் உட்கார வைக்கிறார்கள். இருட்டிய பிறகு எழுப்பி அனுப்புகிறார்கள். நடுவில் வெயிலைப் பார்ப்பது சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதுதான்.

சேலத்தில் பி.எஸ்சி. விலங்கியலுக்கு எனக்கு இடம் கிடைத்தது. போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. "கொஞ்சத்துல தவறிப்போச்சு. இன்னொரு வருசம் நீட்டுக்குப் படிச்சா டாக்டராயிரலாம்" என்று அப்பா சொன்னார். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நான் பார்த்தேன்.

இங்கே தறிச் சத்தம் இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கினவள். உன் பராமரிப்பு நாளில் இதையும் யோசித்துப் பார்.

நித்யஸ்ரீ

ஆட்டையாம்பட்டி
22 ஆகஸ்ட் 2024

நித்யா,

நான் தலையாட்டவில்லை. பேசாமல் நின்றேன். உனக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

உன் கடிதம் வந்த அன்று அப்பாவுக்குச் சோறு போடும்போது பேச்செடுத்தேன். "ஏனுங்க, புள்ளைக்கு அங்க தூக்கமே வரலையாமா" என்றேன். "புது எடம். பழகிரும்" என்றார். சாம்பாரை ஊற்றினேன்.

இன்னொரு விஷயம். எழுதினால் கோபப்படுவாயோ என்று இரண்டு நாளாக யோசித்தேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடி கட்டியிருக்கிற கம்பியின் வளைந்த முனை உனக்கு நினைவிருக்கும், அதில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டுகிறது. கட்டுவதெல்லாம் பெட்டைதான். ஆண் முருங்கைக் கொம்பில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறது. தறியில் பழைய பாவு நூலோடு புதுசைப் பிணைக்க ஆள் வந்தால் உன் அப்பா நிற்பாரே, அதே நிற்பு. சிலந்தி வலை, காய்ந்த பட்டை, எதையெதையோ கொண்டுவந்து ஒட்டுகிறது. நேற்று கொட்டகை வாசலில் கிடந்த கழிவு நூலை எடுத்து வந்தது. அப்பா ஓட்டுகிற சேலையின் அரக்குச் சிவப்பு. கூட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் கரை போட்ட மாதிரி இருக்கிறது.

துணி காயப்போடுவதை மாடிக்கு மாற்றிவிட்டேன். தோசைக்கல் சூடேறுகிற நேரம் இருக்கிறதே, அது எனக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மனதில் ஒன்றுமே இருப்பதில்லை. வெகுநாள் கழித்து நன்றாக இருக்கிறது.

அம்மா

விடுதி, நாமக்கல்
8 செப்டம்பர் 2024

அம்மா,

போன தடவை அப்படி எழுதியிருக்க வேண்டாம். ஆனால் பொய்யாக எதையும் எழுதவில்லை.

தேன்சிட்டு பற்றி எழுதியதை வித்யாவுக்குப் படித்துக் காட்டினேன். என் பக்கத்துக் கட்டில். வெண்ணந்தூர்க்காரி. அவள் வீட்டிலும் தறிதான், அவளுக்கும் தூக்கம் இல்லை. இரண்டு பேரும் போர்வைக்குள் வாயாலேயே "டக்கடி டக்கடி" என்று தறி ஓட்டிப் பார்த்தோம். பாதியில் அவள், "ஏ, நூல் அறுந்துபோச்சு, நிறுத்து" என்றாள். அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

எனக்கும் பார்க்க ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு நேராக ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம். அதில் பாதி வால் இல்லாத அணில் ஒன்று இருக்கிறது. வகுப்புக்குக் கிளம்புமுன் அதைப் பார்க்கிறேன். நீ கவலைப்படாதே.

முட்டை வைத்துவிட்டதா? கூட்டைத் தொடாதே. ஆண் சிட்டு அடைகாக்காது, அதை எதிர்பார்க்காதே.

நித்யா

ஆட்டையாம்பட்டி
24 செப்டம்பர் 2024

நித்யா கண்ணு,

இரண்டு குஞ்சு.

போன வாரமே பொரித்திருக்க வேண்டும். இன்றுதான் பார்த்தேன். கூட்டின் பக்கவாட்டு ஓட்டையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வாய். உடம்பே இல்லை, வாய் மட்டும்தான். தாய் வந்து கம்பியில் உட்காருகிற அந்தச் சின்ன அதிர்வுக்கே திறந்துகொள்கிறது.

டீ குடிக்க வந்த அப்பாவும் பார்த்தார். "இத்துணூண்டு இருக்குதே" என்றார். டம்ளர் காலியான பிறகும் நின்றுகொண்டிருந்தார். அப்புறம், "அவ இருந்தா இதையே பாத்துட்டுப் புஸ்தகத்தத் தொடமாட்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொட்டகைக்குப் போகும்போது திரும்பி இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

நீ பார்க்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

அம்மா

விடுதி, நாமக்கல்
13 அக்டோபர் 2024

அம்மா,

வித்யா போய்விட்டாள். மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். போன் செய்ததும் அவள் அப்பா நூல் மூட்டை ஏற்றுகிற வண்டியிலேயே வந்துவிட்டார். சட்டையெல்லாம் பஞ்சு. அறை வாசலில் நின்று, "பாப்பா, படுக்கையச் சுத்து. ஊட்டுக்குப் போலாம்" என்றார். அவ்வளவுதான். எத்தனை மதிப்பெண் என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் கட்டில் காலியாக இருக்கிறது. இன்னும் யாரையும் போடவில்லை.

தீபாவளிக்கு எங்களை விட மாட்டார்களாம். புங்கமரம் நன்றாக இருக்கிறது. அணிலும். குஞ்சுகள் பறந்தாச்சா?

நித்யா

ஆட்டையாம்பட்டி
6 நவம்பர் 2024

நித்யா கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கம்பளியும் தலையணையும் கொண்டுவந்ததால் அறைவரை மேலே வர விட்டார்கள். அறை சுத்தமாக இருந்தது. நீ கொஞ்சம் மெலிந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. அப்பா இல்லை என்கிறார். முறுக்கை ஜோதி மிஸ்ஸிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடு, அவர் பீரோவிலேயே நமத்துவிடப் போகிறது.

குஞ்சுகள் இன்னும் கூட்டில்தான் இருக்கின்றன. நன்றாகச் சாப்பிடுகின்றன. நாளைக்கோ மறுநாளோ பறந்துவிடும். பறந்ததும் எழுதுகிறேன்.

மழை நன்றாகப் பெய்கிறது. செம்பருத்தியில் இன்று நிறைய மொட்டு.

அம்மா

விடுதி, நாமக்கல்
17 நவம்பர் 2024

அம்மா,

நான் விலங்கியலில் சேர ஆசைப்பட்டவள். தேன்சிட்டுக் குஞ்சு பொரித்து இரண்டு வாரம், கூடிப்போனால் கொஞ்சம் மேலே, கூட்டில் இருக்கும். செப்டம்பரில் பொரித்த குஞ்சு நவம்பரில் உன் கடிதத்தில் இன்னும் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. போனில் கேட்டபோதும் "இன்னும் இல்ல சாமி" என்றாய். நேரில் கேட்டபோது முறுக்குப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்துகொண்டாய். அதற்கு முடிச்சே இல்லை.

என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. ஏதோ ஆகிவிட்டது.

என் ஜன்னலை நீ பார்த்தாய். கண்ணாடி முழுக்க வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறது. வெளியே பார்த்தால் கவனம் சிதறும் என்று எல்லா அறையிலும் அப்படித்தான். புங்கமரமும் இல்லை, அணிலும் இல்லை. எல்லாம் நான் உனக்காக எழுதியது. நீ அந்த ஜன்னல் முன்னால் நின்றாய், விரலால் தொட்டுப் பார்த்தாய், அப்புறம் தலையணை உறையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். அப்பா கீழே இருந்தார், நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

நீ எல்லாவற்றையும் கவனிக்கிறவள்தானே. கூட்டில் எந்தப் பக்கம் சிவப்பு நூல் என்று தெரிகிறது. என்னைப் பார்த்தாயா? எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. படித்த பக்கத்தையே திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், அது படித்த பக்கம் என்றுகூடத் தெரிவதில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது எறும்பையாவது பார்ப்பேன். இப்போது எதையும் பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போ.

நித்யா

ஆட்டையாம்பட்டி
28 நவம்பர் 2024

நித்யா,

உள்ளதை எழுதுகிறேன்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். செம்போத்து ஒன்று மதில் மேல் வந்து உட்கார்ந்தது. அப்பா கொட்டகையிலிருந்து, "இங்க பாரு, செம்போத்து வலத்துல வந்திருக்குது, நல்ல சகுனம்" என்று கூப்பிட்டுச் சொன்னார். அது மதிலிலிருந்து கம்பிக்குத் தாவி, கூட்டை ஒரே இழுப்பில் கிழித்தது. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கையெல்லாம் மாவு. ஒரு சத்தம் போட்டிருந்தால் பறந்திருக்கும். கரண்டியால் ஜன்னல் கம்பியில் தட்டியிருக்கலாம். வாய் வரவில்லை, கையும் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு "சூ" என்றேன். தாய்க்குருவி எதையோ கவ்விக்கொண்டு வந்து, கூடு இருந்த இடத்தில் காற்றில் நின்று நின்று பார்த்தது.

உனக்கு அதை எழுத முடியவில்லை. வித்யா போய்விட்டாள் என்று நீ எழுதியிருந்த நேரம். குஞ்சுகளாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கணக்குப் போடுவாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் ஜன்னலையும் பார்த்தேன். வெள்ளை பெயிண்டை நகத்தால் சுரண்டிய இடம் ஒன்று கீழ் மூலையில் இருந்தது. அதையும் பார்த்தேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாய், சொன்னால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் தலையணை உறை.

அப்பாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கடைசி வரி வந்ததும் தாளை மடித்துவிட்டார். "ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன், எம்பொண்ணு டாக்டருக்குப் படிக்குதுன்னு. கூட்டியாந்துட்டா நாளைக்கு எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது?" என்றார். "அவளுக்கு முடியலீங்க" என்றேன். "மே மாசம் பரீட்சை. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுட்டு இருக்கச் சொல்லு. நானென்ன அவளக் கெணத்துலயா தள்ளுனேன்?" என்றார். அன்று இரண்டாவது தறியில் நூல் அறுந்து வெகுநேரம் ஓடியிருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. அவருக்கும் ஏதோ ஆகிறது. ஆனால் அது உனக்கு உதவாது.

விடுதி அலுவலகத்துக்கும் போன் செய்தேன். சேர்த்தவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்களாம். சேர்த்தது அப்பா. "அம்மாவா இருந்தாலும் ரூல் ரூல்தாங்க மேடம்" என்றது ஒரு பெண் குரல். உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவளாக இருப்பாள்.

பார்த்துக்கொண்டே நிற்பது எனக்கு நன்றாக வரும், நித்யா. அதை ஒரு நல்ல குணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திரும்பவும் கேட்கிறேன் அவரிடம். அதைத் தவிர என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா

விடுதி, நாமக்கல்
7 டிசம்பர் 2024

அம்மா,

சரி.

இனி எழுத வேண்டாம். கடிதம் வந்தால் அன்று முழுக்க வீடு கண்ணில் நிற்கிறது. அப்புறம் ஒரு வாரம் அதை மறக்க வேண்டியிருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை.

வித்யா கட்டிலில் பரமத்தியிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். பேசுவதில்லை. நானும்.

நித்யஸ்ரீ

விடுதிக்கு எதிரே, டீக்கடை
18 டிசம்பர் 2024

நித்யா கண்ணு,

எழுத வேண்டாம் என்றாய். இது தபாலில் வராது, வாசல் காவலாளி காளியண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று பராமரிப்பு நாள். தறி நின்றதும் எப்போதும் போல ஒவ்வொரு சத்தமாகக் கேட்க ஆரம்பித்தது. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். "நாமக்கல் போயிட்டு வாரேனுங்க" என்றேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லையே."

"இல்லைங்க."

"உள்ள உட மாட்டாங்க. கையெழுத்துப் போட நான் வரமாட்டேன்."

"தெரியுமுங்க."

நான் தெருமுனைக்குப் போன பிறகு பின்னாலிருந்து, "கொடைய எடுத்துட்டுப் போ" என்று குரல் கேட்டது. திரும்பி நடந்தால் போக முடியாமல் போய்விடுமோ என்று நான் திரும்பவில்லை. ராசிபுரத்தில் பஸ் மாறி வந்தேன்.

காளியண்ணன் நல்ல மனிதர். "ஏம்மா, மாசத்து மொத ஞாயித்துக்கெழம வந்தா ராணியாட்டம் உள்ள போலாம். புதன்கெழம வந்தா நானென்ன பண்றது? எனக்கும் ரண்டு புள்ளைங்க இருக்குது" என்றார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். நான் எதிர்ப்பக்கம் வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் இரண்டாவது டீக்குக் காசு வாங்கவில்லை. இங்கே உட்கார்ந்து அழுகிற அம்மாக்களை நிறையப் பார்த்திருப்பார் போல. நான் அழவில்லை.

இங்கிருந்து உங்கள் கட்டடம் முழுக்கத் தெரிகிறது. எல்லா ஜன்னலும் வெள்ளை. மாடிக் கைப்பிடிச் சுவரில் துப்பட்டாக்கள் காய்கின்றன. பச்சையில் மூன்று இருக்கின்றன. அதில் உன்னுடையது எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓரம் தைத்த மாதிரி இருப்பது உன்னுடையதாக இருக்கலாம். போன பொங்கலுக்கு முள்ளில் மாட்டிக் கிழிந்ததை நான்தான் தைத்தேன். இவ்வளவு தூரத்தில் தையல் தெரியாது. தெரிகிற மாதிரி இருக்கிறது.

உன்னைக் கூட்டிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. கையெழுத்து என்னிடம் இல்லை. வந்து என்ன செய்வேன் என்று தெரியாமல்தான் வந்தேன், இப்போதும் தெரியவில்லை. கடைசி பஸ் வரைக்கும் இங்கேதான் இருப்பேன். நாளைக்கும் வருவேன். ஞாயிற்றுக்கிழமை இல்லாத எல்லா நாளும் வருகிறேன். அவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், அப்பா என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

இன்று வேறு எதையும் பார்க்கவில்லை. உன்னை மட்டும்தான் பார்க்க வந்தேன்.

அம்மா

(அதே நாள், கிழித்த தாளில் பென்சிலில்)

அம்மா,

மூன்றாவது மாடிப் படிக்கட்டில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதற்கு மட்டும் பெயிண்ட் அடிக்க மறந்துவிட்டார்கள். அங்கே நிற்கிறேன். மணி அடித்துவிட்டது, நான் போகவில்லை. ஜோதி மிஸ் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, இப்போது அவரும் கீழ்ப்படியில் நிற்கிறார்.

செருப்பைக் கழற்றி அதன் மேலேயே கால் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நீ என்று தெரிந்தது. ஓரம் தைத்தது என்னுடையதுதான். இடது ஓரத்தில் இருப்பது.

உன் மேல் வெயில் அடிக்கிறது. பெஞ்சின் அந்த முனையில் நிழல் இருக்கிறது. தள்ளி உட்கார்.

நித்யா